நாள் தவறாத ஓட்டு

...அதெல்லாம் கெடக்கட்டும் தம்பி, அந்த ஷெரினுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கான்னு கேக்கேன். மனசு! வீட்ட வழிச்செடுத்துட்டுப் போயிட்டாவளேன்னு ஒரு பொம்பள அழுது எழுதிருக்கேன். அதுக்கு அவ என்ன பதில் போடுதாங்க? "விதிமுறையைப் படிக்கவும் அக்கா." படிக்கவுமாம்! வீடு போனவ உக்காந்து விதிமுறை படிப்பாளா?

ஏ... ஏ... ஏணிய ஏன் அங்கன தூக்கிட்டுப் போற? மொதல்ல நெட்டுப் பெட்டியப் பாருப்பா. பெட்டியிலதான செவப்பா லைட்டு முழிக்குது. ஒரு தடவ அமத்திட்டுப் போட்டுப் பாரேன். பாத்துட்டியா? சரி, இன்னொரு தடவ பாரு. ராசபாளையத்துலருந்து இம்புட்டுத் தூரம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்க, வந்ததும் வராததுமா ஏணியில ஏறணுமா? உக்காரு. டீ கொதிக்குது. வேல்பாண்டியா உம்பேரு? சட்டையில போட்டிருக்கே. நான் பொறந்த மகராசபுரத்துல ஒரு வேல்பாண்டி உண்டு, அவனும் இப்படித்தான், வாயத் தெறக்கவே மாட்டான்.

வீடுன்னதும் இந்த வீடுன்னு நெனச்சிராத. இங்க களவாங்க என்ன இருக்கு? ரெண்டு அண்டா, ஒரு பீரோ, அந்த பீரோவும் தொறக்காது. நான் சொல்லுதது கம்ப்யூட்டருக்குள்ள இருக்க வீடு. சிரிக்காத. சிரிக்க பாத்தியா! எதுத்த வீட்டு வெங்கடேஸ்வரியும் இப்படித்தான் சிரிச்சா. "ஏன்க்கா, உங்களுக்கு வேற வேலவெட்டி இல்லையா"ங்கா. ஏட்டி, நீ சாயங்காலம் ஆனா சீரியல்ல யாரோ ஒருத்தி மாமியாகிட்ட அடிவாங்குதத பாத்து மூக்கச் சிந்துத. நான் எம் புருசனோட வெளையாடுதேன். எது மேலு?

ஆமா, அவிய கூடத்தான். எங்க வீட்டுக்காரவிய பட்டாளத்துல இருந்தாவ. பாண்டிதுரைன்னு கேட்டா வன்னியம்பட்டியில தெரியாத ஆளு கெடையாது. பென்சன் வாங்கிட்டு ஊருக்கு வந்தாவ. இனிமே வீட்ல இருப்பாவன்னு நானும் அம்மி கொத்தி, வெள்ளையடிச்சு... எங்க! கால் தரையில பாவல. குஜராத்துல ஏதோ பெரிய ஆலையில செக்யூரிட்டி வேலன்னு பொட்டியக் கட்டிட்டுப் போயிட்டாவ. பிள்ளைய ரெண்டும் ஹாஸ்டல்ல. நானும் கோழியுந்தான் இங்கன.

போன்ல பேசுவாவ. என்ன பேசுவாவங்க? "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்." "மழ உண்டா?" "இல்ல." "சரி, வைக்கட்டா?" அம்புட்டுத்தான். கல்யாணம் முடிஞ்ச நாள்லருந்து எங்க பேச்சு இவ்வளவுதான் தம்பி. எனக்கு வாயி ஜாஸ்தின்னு சொல்லுவாவ, ஆனா போன்ல அந்தப் பக்கம் சத்தமே இல்லன்னா எம்புட்டு நேரந்தான் ஒத்தையில பேசுதது?

அப்பதான் அவிய கூட வேல பாக்க விமல்னு ஒரு பையன் இந்த வெளையாட்டச் சொல்லிக் குடுத்திருக்கான். ஒரு பெரிய கம்பெனி வெளையாட்டு அது. அத நாகர்கோயில் பிள்ள ஒருத்தி, இந்த ஷெரினு, தனியா ஒரு சர்வரு போட்டு நடத்துதா. கம்பெனிக்காரன் இல்ல, அவளே சொந்தமா நடத்துதா, நம்மாளுவ கொஞ்சம் பேருதான். லீவுல வந்தப்ப ஒரு பழைய லேப்டாப்பத் தூக்கிட்டு வந்து, "ஏட்டி, இத அமுக்குனா நடக்கும், இத அமுக்குனா வெட்டும்"னு காட்டிக் குடுத்தாவ. நான் மொதல்ல கோவப்பட்டேன். பொறவு அமுக்கிப் பாத்தேன். ஒரு ஓநாய வெட்டிப்புட்டேன் தம்பி! அவியளக் கடிக்க வந்த ஓநாய நான் வெட்டுனேன். "பரவால்லையே"ன்னாவ. எங் காதால கேட்ட மொத பாராட்டு அது.

இந்தா டீ. சீனி போதுமா?

பொறவு ஒரு எடம் புடிச்சோம். பொட்டக்காடு. அவிய மரம் வெட்ட, நான் கல்லு சொமக்க, தெனமும் வேல முடிஞ்சு வந்து ரெண்டு பேரும் கட்டுனோம். அப்ப பேசுவாவ பாரு! மரத்த வெட்டிக்கிட்டே எழுதுவாவ. பனியில நின்னது, கூட இருந்த ஒருத்தரு செத்துப்போனது, எனக்கு மொத பிள்ள பொறந்தப்ப வர முடியாம லாரிக்குப் பின்னால நின்னு அழுதது... எனக்கு ஒண்ணுமே தெரியாது தம்பி. ஒரு வார்த்த சொன்னதில்ல. எதுக்க எதுக்க ஒக்காந்தா வாய் தெறக்காத மனுசன் அங்கன ஒரு கட்டில்ல ஒக்காந்து எல்லாத்தையும் சொன்னாவ. அந்தக் கட்டிலையும் தூக்கிட்டுப் போயிட்டா ஒருத்தி, பாவி!

கேளு, வீடு போனதுக்குக் காரணமே இந்த ஓட்டுதான். ஓட்டுன்னா வெரல்ல மை வைக்க ஓட்டு இல்ல. இந்த மாதிரி தனி சர்வரு நெறைய பேரு நடத்துதாவள்ல, அதுகளுக்கு வரிச போடுததுக்குன்னே ஒரு வெப்சைட்டு. எதுக்கு ஓட்டு ஜாஸ்தியோ அது மேல நிக்கும். மேல நின்னாத்தான் புது ஆளு வருவான். ஆள் வராட்டி ஷெரினு கடையச் சாத்தணும். அதனால அவ என்ன பண்ணுனா, ஓட்டுப் போடுதவனுக்குப் பரிசுன்னுட்டா. ஒளிவு மறைவு இல்ல, பகிரங்கமா எழுதியே போட்டுட்டா. தெனமும் ஒரு ஓட்டு, அதுக்கு ஒரு முத்திர. முத்திரயக் குடுத்தா ஓடு, சன்னல், கறவ மாடு, என்ன வேணும்னாலும் வாங்கலாம். ஒரு மாசம் நாள் தவறாம போட்டா மச்சு வீடு! மாடிப்படியோட! ஆனா ஒரு நாளு... ஒரே ஒரு நாளு தவறிச்சு, அம்புட்டும் அழிஞ்சு மொதல்லருந்து எண்ணணும். என்ன அநியாயம்!

நான் தவற மாட்டேன். காச்சல்ல கெடந்தப்பக்கூட ஓட்டுப் போட்டுட்டுத்தான் கஞ்சி குடிச்சேன். சும்மா இல்ல தம்பி, அந்த ஓட்டுப் போடுத பக்கத்துல போயி வாரதே பெரும்பாடு. "உங்கள் போனில் வைரஸ்"னு ஒண்ணு குதிக்கும். "நீங்கள் கார் வென்றுள்ளீர்கள்"னு ஒண்ணு ஆடும். ஓட்டுன்னு பச்சையா எழுதி நாலு பட்டன் நிக்கும், அதுல ஒண்ணுதான் நெசம். மத்தத அமுக்குனா ஏதாச்சும் வந்து உள்ள எறங்கிரும். ஆரம்பத்துல நான் ஒண்ண அமுக்கி, போனு பூராவும் கண்ட கண்ட விளம்பரம். கோயில் பூசாரிக்கு நம்பர் காட்டப் போயி, மானமே போச்சு. பொறவு உசாராயிட்டேன். ஓட்டுப் போட நம்ம பேரு மட்டுந்தான் கேக்கும், பாஸ்வேர்டு கேட்டா அது திருட்டுப் பக்கம்னு ஷெரினு எழுதிருக்கா. பாஸ்வேர்டு கேட்ட பக்கத்துக்கு ஒருக்க நான் என்ன போட்டேன் தெரியுமா? "உங்கொப்பன்கிட்ட கேளு"ன்னு போட்டேன்.

நான் ஏமாற ஆளே இல்ல. வெளையாட்டுல ஒருத்தன் வந்தான், "அக்கா எந்த ஊரு? போட்டோ அனுப்புங்க"ன்னான். எங்க வீட்டுக் கெடா போட்டோவ அனுப்பி, இதுதான் நானுன்னு எழுதிட்டேன். அன்னைக்கோட ஓடுனவந்தான்.

அந்தக் கொல்லப்பக்கம் போகாத! அங்கன அடக்கோழி கெடக்கு. கண்ணக் கொத்திரும். நெசமாத்தான்! ஒயரு முன்பக்கமாத்தான் வருது, அந்தக் கம்பத்தப் பாரு. பாத்துட்டியா? கம்பத்துல கோளாறு இல்லையா? அதெப்படி இல்லாம இருக்கும், நல்லாப் பாரு!

எதுல விட்டேன்... ஆங், அவிய. ஒருக்க அவிய ஓட்டு தவறிப்போச்சு. ராத்திரி டூட்டி முடிஞ்சு வந்து தூங்கிட்டாவளாம். எனக்கு வந்துச்சு பாரு கோவம்! "பட்டாளத்துல இப்படித்தான் காவலுக்கு நின்னீயளா? ஒரு பட்டன அமுக்க வலிக்குதா? நான் ஒத்தப் பொம்பள கல்லு சொமக்கேன்"னு புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். பதிலுக்கு அவிய தலையாட்டுத பொம்மைய மட்டும் அனுப்புனாவ.

அதுக்குப் பொறவு ஒரு நாள்கூட அவிய தவறல. பாத்தியா? ஒரு அதட்டு அதட்டுனா ஆம்பளைய ஒழுங்கா இருப்பாவ.

அப்படி இருக்கையில, குலசாமிக்குப் பொங்க வைக்கணும்னு வந்துச்சு. கோயிலு கான்சாபுரம் தாண்டி மலையடிவாரத்துல. பங்காளிய எல்லாம் வண்டி புடிச்சாச்சு, ரெண்டு நாள் தங்கணும். அங்கன டவரு ஒரு பொட்டுகூட எடுக்காது. மாந்தோப்பும் கொரங்குந்தான். எனக்கு ஓட்டு? மாசம் முடியப் போற நேரம்! மச்சு வீட்டுக்கு இன்னும் கையளவுதான் பாக்கி!

எம்பேருல போடச் சொல்லி அவியகிட்ட கேட்டிருக்கலாந்தான். நீ கேப்பன்னு தெரியும். எப்படிச் சொல்லுவேன்? அம்புட்டு வஞ்சிருக்கேன்ல! இப்பப் போயி, "ஏங்க, எனக்கும் ஓட்டுத் தவறப் போவுது"ன்னா? வாய் தெறக்காத மனுசனாச்சே, சிரிச்சே கொன்னுருவாவ.

அதனால... ஊருக்குப் போறப்ப நம்ம என்ன பண்ணுவோம்? வீட்டப் பூட்டி, சாவிய எதுத்த வீட்ல குடுப்போம். "கோழிக்குத் தண்ணி வையி, பால்காரன் வந்தா வாங்கி வையி"ம்போம். காலங்காலமா அப்படித்தான இருக்கோம்? வெங்கடேஸ்வரிகிட்ட எஞ் சாவி எத்தன தடவ இருந்திருக்கு! ஒரு கரண்டி கொறஞ்சதில்ல. தெலுங்குல வையுவாளே தவிர கை சுத்தம்.

அந்த மாதிரி, வெளையாட்டுலயும் எங்க வீட்டுக்கு எதுத்தாப்ல ஒருத்தி வீடு கட்டிருந்தா. புயல்ராணின்னு பேரு. எம்புட்டுப் பணிவு தெரியுமா! "அக்கா வாங்க, அக்கா சாப்ட்டீயளா, அக்கா ஒங்க மாட்டுக்கு நான் புல்லு போட்டுட்டேன்." நம்ம ஊருக்காரி மாதிரியே பேசுனா. அவகிட்டத்தான்... ஆமா. பாஸ்வேர்டக் குடுத்தேன். நாந்தான் குடுத்தேன். "ரெண்டு நாளு எம்பேருல ஓட்ட மட்டும் போட்ரு தாயி, மாட்டுக்குத் தண்ணி காட்டிரு"ன்னு எழுதிட்டுப் பொங்கப்பானையத் தூக்கிட்டுக் கெளம்பிட்டேன்.

அப்படிப் பாக்காதப்பா. எதுத்த வீட்டுக்காரின்னுதான குடுத்தேன்!

திரும்பி வந்து தெறந்து பாக்கேன், வீடு மொட்டத்தரை. கதவு இல்ல, சன்னலு இல்ல, கூரை ஓட்டக்கூட ஒண்ணு ஒண்ணா கழட்டிருக்கா. மாட்ட அவுத்துட்டா. எதுத்தாப்ல அவ வீட்டையும் காணும், ஆளையும் காணும். ஆனா ஒண்ணு தம்பி, ஓட்ட மட்டும் ரெண்டு நாளும் ஒழுங்கா போட்டிருக்கா. அந்த முத்திரயையும் அவளே எடுத்துக்கிட்டா.

ஷெரின்கிட்ட எழுதுனேன். அவ, "அந்த ஆள நான் வெளியேத்திட்டேன், ஆனா போன சாமானத் திருப்பித் தர முடியாது, நீங்களே சாவியக் குடுத்திருக்கீய, உள்ள நுழையும்போதெல்லாம் பாஸ்வேர்டு யார்கிட்டயும் சொல்லாதீயன்னு எழுதித்தான வச்சிருக்கேன்"ங்கா. எழுதித்தான் வச்சிருக்கா. செவப்பு எழுத்துல வச்சிருக்கா. நாள் தவறுனா எல்லாம் அழிஞ்சிரும்னு அதவிடப் பெருசா எழுதிருக்காளே, அத யாரு எழுதச் சொன்னது? அந்தப் பயத்துலதான குடுத்தேன்!

அவியளுக்கு இன்னும் தெரியாது. வீடு எம்பேருல இருக்கு, நான் உள்ள நொழஞ்சாத்தான் அவியளுக்குக் கதவு தெறக்கும். நான் போகாத வரைக்கும் அவிய கண்ணுல படாது. தெனமும் போன்ல ஒரே கேள்வி, "நெட்டு வந்துச்சா? நெட்டு வந்துச்சா?" வீட்டுக்கு வர அம்புட்டு ஏக்கம் மனுசனுக்கு. இன்னைக்கு வேற அவியளுக்கு லீவு. நீ நெட்டச் சரி பண்ணிட்டன்னா சாயங்காலமே நான் பதில் சொல்லியாகணும்.

கம்ப்ளெயிண்டு நான் குடுக்கல. வெங்கடேஸ்வரி குடுத்தது. அவ வீட்டு ஒயரும் இதுலருந்துதான் போவுது. சீரியலு போச்சுன்னு நெட்டு போன நாள்லருந்து தெலுங்குல கத்திக்கிட்டு கெடக்கா...

ஏய் தம்பி! கோழி! கோழி கொத்தும்னு சொன்னேன்ல!

...கொத்தலையா? அது இப்ப தூங்குதோ என்னமோ.

என்னது அது? ஒயரா? அறுந்து கெடக்கா? அடப்பாவமே. எலியா இருக்கும். இங்கன பெருச்சாளி உண்டு, பூனையளவு. கடிச்ச மாதிரி இல்லையா? கொரங்கு... கொரங்கு வந்து பிச்சிருக்குமோ? ஒரே வெட்டா? எப்படிப்பா அம்புட்டு உறுதியாச் சொல்லுத? பல்லுத்தடம் இல்லையோ... சரியா மட்டமா இருக்கோ...

அந்த அருவாள ஏன் பாக்க? அது ஆட்டுக்குக் கொழ வெட்டுத அருவா. அது எப்பவும் அங்கனதான் கெடக்கும்.

...

சரி. வெட்டுனேன். போதுமா? நாந்தான் வெட்டுனேன். நெட்டு வராட்டி, வீடு போனது அவியளுக்குத் தெரியாதுல்ல! அதுக்குள்ள ஷெரின்கிட்ட அழுதோ, மரத்த வெட்டியோ, ஒரு கட்டிலையாச்சும் போட்டு வச்சிரலாம்னு நெனச்சேன். ஒயர வெட்டுனா மரம் வெட்டவும் உள்ள போக முடியாதேன்னு வெட்டுனதுக்குப் பொறவுதான் தோணுச்சு. சிரி, நல்லா சிரி! வெங்கடேஸ்வரிகிட்ட மட்டும் சொல்லிராத, ஒனக்குப் புண்ணியமாப் போகும்.

எனக்கு பயமா இருக்குப்பா. வைவாவன்னு இல்ல. வையத் தெரியாது அவியளுக்கு. மறுபடியும் "சாப்ட்டியா, வைக்கட்டா"ன்னு ஆயிருவாவளோன்னு பயமா இருக்கு.

என்ன? போனா? நானே சொல்லிரணுங்கியா? ...இரு, ஒயர ஒட்டிராத. செத்த நேரம் பொறு. வாசல்ல நின்னாத்தான் டவரு எடுக்கும்.

அலோ... ஏங்க. சாப்ட்டீயளா? ...நானுந்தான். ஏங்க, ஒண்ணு சொல்லணும். ...நெட்டா? வரல. இன்னும் வரல. ...என்ன "நல்லது"? நெட்டு வரலன்னா நல்லதா? ...சரி, அத விடுங்க, நான் சொல்லுததக் கேளுங்க. நம்ம வீட்ல ஒண்ணுமில்லங்க. ...உள்ள இருக்க வீடுதான். கதவு, ஓடு, மாடு... அந்தக் கட்டிலும். ஆமா. நாந்தாங்க. கோயிலுக்குப் போகையில பாஸ்வேர்டக் குடுத்தேன், ஓட்டு தவறிரக் கூடாதேன்னு. ...புயல்ராணிகிட்ட.

ஏங்க? வஞ்சிருங்களேன். அலோ?

...என்னது? ...திரும்பச் சொல்லுங்க. ...ஒங்க குதிரையுமா? கவசமும் போச்சா? ...அவகிட்டயா! நீங்களும் அவகிட்டத்தான் குடுத்தீயளா!

அடக்கடவுளே! அறிவிருக்கா ஒங்களுக்கு? ஊரு பேரு தெரியாத ஒருத்திகிட்ட யாராச்சும் பாஸ்வேர்டக் குடுப்பாவளா? பட்டாளத்துல துப்பாக்கியையும் இப்படித்தான் எதுத்த வீட்ல குடுத்துட்டு வந்தீயளா? அந்தப் பிள்ள ஷெரினு செவப்பு எழுத்துல எழுதி வச்சிருக்கு, படிக்கதில்லையா? நான் பொம்பள, ஏதோ புத்தி கெட்டுக் குடுத்தேன். நீங்க எதுக்குக் குடுத்தீய?

...எதுக்கு?

...நான் வைவேன்னா? ஒரு நாள் தவறுனா நான் வைவேன்னு பயந்தா? நான் எப்ப வஞ்சேன்?

...

ஆமா. வஞ்சேன். ...ராத்திரி டூட்டி பாத்துட்டு வந்த மனுசன. ...தெனமும் "நெட்டு வந்துச்சா"ன்னு நீங்க கேட்டது இதுக்குத்தானா? வரலன்னதும் நிம்மதியா இருந்துச்சா? எனக்கும் அப்படித்தாங்க இருந்துச்சு. நீங்க சிரிப்பீயன்னுதான் நான் ஒங்ககிட்ட கேக்கல. ...சிரிக்காதீய. ஏங்க, போதும், இருமல் வந்துரும்.

இருங்க, லைட்டு பச்சையா எரியுது. இந்தத் தம்பி ஒட்டிட்டான்போல. ஏ தம்பி... வேல்பாண்டி! ...ஏணியையும் காணும், வண்டியையும் காணும். டீ அப்படியே ஆறிக்கெடக்கு. நான் அப்படி என்ன பேசிட்டேன்? ...ஒண்ணுமில்லங்க, நெட்டுக்கார தம்பி. நெட்டு வந்துட்டு.

வாங்க. உள்ள வாங்க, நானும் வாரேன். மொட்டத்தரையா இருந்தா என்ன, உக்காந்து பேசலாம். நீங்க கட்டில்ல உக்காந்து ஏதோ சொல்லிட்டு வந்தீயளே, ஒங்க கூட இருந்து செத்துப்போனவரோட தாயி எழுதுன கடுதாசிக் கதை, அது பாதியில நிக்குது. ...ஓட்டா? கெடந்துட்டுப் போட்டும்ங்க. இன்னைக்கு ஒரு நாள் போடாட்டி குடி முழுகிறாது.